பரிமாறாத இலை

அத்தியாயம் ஒன்பது

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் தனபாக்கியம் சமையலை முடித்துவிட்டாள்.

சோறு, நெத்திலி சம்பல், மிளகு தூக்கலாகக் கோழிப் பிரட்டல். மூன்றையும் மேசையில் மூடி வைத்து, வீட்டுக்காரர் சின்னையாவின் தட்டையும் தண்ணீர்க் குவளையையும் பக்கத்தில் வைத்தாள். உப்பு பார்க்கவில்லை. மூன்று வருடமாக அவள் கோழியை வாயில் வைத்ததில்லை. கைக்கணக்குதான். அது தப்பியதும் இல்லை.

இன்றோடு இரண்டு வாரம். அவருக்கு வீட்டில் சாப்பாடு, அவளுக்குக் கடையில்.

பேரன் எட்டாம் மாதத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது அவள் முருகனிடம் ஒன்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால் சாகும்வரை சைவம். பிள்ளை பிழைத்தான். இப்போது மூன்று வயது. வந்தால் வீட்டையே தலைகீழாக்கிவிட்டுப் போகிறான். தனத்துக்கென்று ஒரு சின்னச் சட்டி, ஒரு தனிக் கரண்டி, அடுப்பில் ஒரு மூலை. அவ்வளவுதான் அவள் கேட்டிருந்தாள்.

அந்தச் சட்டியில்தான் சின்னையா கை வைத்தார். மீன் கறிக்குள் கிடந்த கரண்டியை எடுத்து, அப்படியே அவளுடைய சாம்பாரில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். “இப்பதான் உன் சாம்பாருக்கு உசுரே வந்துருக்கு” என்று சிரித்தார்.

அவள் சண்டை போடவில்லை. சட்டியைத் தொட்டியில் கவிழ்த்தாள். சேலை மாற்றினாள். குடையை எடுத்துக்கொண்டு நடந்துபோய், லிட்டில் இந்தியாவில் மீனலோசனி சைவ உணவகத்தில் உட்கார்ந்து, முப்பத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக, தனியாக, இலை போட்டுச் சாப்பிட்டாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும்.

“அக்கா வருது” என்றார் சின்னையா, வாசலில் நின்றபடி. காலையில் எங்கேயோ மோட்டார் சைக்கிளில் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். ரயில்வேயில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் ஆள்களை வேலை வாங்குகிற குரல்தான். “சுங்கை சிப்புட்ல பஸ் ஏறிடுச்சாம். இன்னிக்கு ஒரு முடிவு கட்டாம விடாது.”

“வரட்டும். சோறு நிறைய இருக்கு.”

“நீ வீட்ல இருக்கணும்.”

“ரெண்டு மணிக்குள்ள வந்துருவேன். அக்காவுக்கு விரதம், தயிர் ஊத்திக் குடுங்க.”

“அடுப்பு எரியிற வீட்டுப் பொம்பள, தினம் கடையில போயி குந்திக்கிட்டுத் திங்கிறா. கோயில்ல என் மூஞ்சியப் பாத்து ஒவ்வொருத்தனும் கேக்குறான், சின்னையா, வீட்ல அரிசி இல்லியான்னு.”

“இருக்குன்னு சொல்லுங்க. கரண்டியப் பத்தியும் சொல்லுங்க.”

வழக்கமாக இந்த இடத்தில் அவர் கத்துவார். இன்று கத்தவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு, “போ, போ. போயிப் பாரு” என்று சிரித்தார்.

குடையை விரிக்கும்போதுதான் அந்தச் சிரிப்பு அவளுக்கு உறுத்தியது.

*

வெள்ளிக்கிழமை என்பதால் பன்னிரண்டரைக்கே கடையில் பாதி மேசை நிரம்பியிருந்தது. கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர்கள், ஆபீஸ்காரர்கள், சீன மாதத்தின் பதினைந்தாம் நாள் என்று சைவம் சாப்பிட வந்த சீனர்கள். சாம்பிராணி வாசமும் ரசத்து வாசமும் கலந்து வந்தன.

தனம் தூணுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள். பரிமாறுகிற கலியபெருமாள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அவளைப் பார்த்ததும் வழக்கம்போல, “வாங்கம்மா. இன்னிக்கு வாழைப்பூ வடை” என்று இலையைப் போட்டார்.

“பெருமாளு!” கல்லாவிலிருந்து குரல் வந்தது. “அத விடு. இங்க வா.”

முதலாளி சபாபதி, கலியபெருமாளின் காதில் ஏதோ சொன்னார். கலியபெருமாள் ஒரு தரம் திரும்பி தனத்தைப் பார்த்தார். பிறகு பார்க்காமல் உள்ளே போனார்.

அவள் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். காத்திருந்தாள்.

அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சோறு விழுந்தது. பக்கத்து மேசைக்குச் சாம்பார் இரண்டாம் தடவை போனது. அப்பளக் கூடை அவளைத் தாண்டியே நாலு தரம் நடந்தது. கலியபெருமாள் ஒவ்வொரு தடவையும் தூணைச் சுற்றிக்கொண்டு போனார்.

“முதலாளி,” என்றாள், “இங்க சோறு வரல.”

சபாபதி எழுந்து வந்தார். நெற்றி நிறைய விபூதி. சின்னையாவும் அவரும் ஒரே கோயில் கமிட்டி. ஒன்றாகக் காவடி எடுத்தவர்கள்.

“சாப்பாடு முடிஞ்சிருச்சுக்கா.”

அவர் முதுகுக்குப் பின்னால் சமையல்கட்டுக் கதவு திறந்தது. ஆவி பறக்கப் பறக்கப் புதுச் சோற்றுத் தவலையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

“அது என்னா?”

சபாபதி திரும்பிப் பார்த்தார். “அது... ஆர்டருக்கா. வெளி ஆர்டர்.”

“சரி. ஆர்டர் போக மிச்சம் வரும்ல. இருக்கேன்.”

“இன்னிக்கு வராதுக்கா.”

“பரவால்ல. எனக்கு வீட்ல வேலை ஒன்னும் இல்ல. எல்லாம் முடிச்சிட்டுத்தான் வந்தேன்.”

சபாபதி கல்லாவுக்குப் போய்விட்டார்.

ஒரு மணி ஆயிற்று. கடை பிதுங்கியது. நாற்காலிக்காக வாசலில் ஆள் நின்றார்கள். ஒரு சீனத்து அம்மாள் தனத்துக்கு எதிர் நாற்காலியைக் காட்டி, இருக்கலாமா என்று கையாலேயே கேட்டாள். தனம் தலையசைத்தாள். உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் அந்த அம்மாளின் இலையில் சோறும் கூட்டும் வந்துவிட்டன. அவள் சாப்பிடவில்லை. தனத்தின் இலையைப் பார்த்தாள்.

“நீ முன்னாடி வந்த ஆளு,” என்றாள், சந்தையில் பழகிய தமிழில். “ஏன் உனக்குக் குடுக்கல?”

“தெரியல, ஆன்ட்டி. நீங்க சாப்பிடுங்க. ஆறிடும்.”

“அலாமா! நீ சும்மா பாத்துக்கினு இருந்தா நான் எப்படித் திங்கிறது?”

தனத்துக்கு வயிறு இழுத்தது. காலையில் குடித்த தேத்தண்ணியோடு சரி. கூடவே ஒரு வெட்கம் கழுத்துவரை ஏறியது. வெறும் இலைக்கு முன்னால், இத்தனை பேர் நடுவில், ஐம்பத்தொன்பது வயதில். எழுந்து போய்விட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இலையை மடித்துவிட்டுப் போனால் சாப்பிட்டுவிட்டுப் போவதாகத்தான் நினைப்பார்கள்.

இலையை மடிக்க அவள் கை போகவில்லை. இன்னொரு தரம் தண்ணீர் தெளித்தாள்.

*

மருமகள் கஸ்தூரி அப்போதுதான் உள்ளே வந்தாள், பேங்க் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி. மகன் முகிலனும் அவளும் வேறு ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தார்கள். அவள் வேலை செய்யும் பேங்க் இந்தக் கடைக்கு நாலு கடை தள்ளி. போன வாரம் அவள்தான் போன் பண்ணி, ‘அத்தை, ஆபீஸ்ல எல்லாரும் கேக்குறாங்க. கொஞ்ச நாளைக்கு வேற கடையில சாப்பிடுங்களேன்’ என்று சொன்னவள்.

மாமியாரைப் பார்த்ததும் கால் தயங்கியது. இலையைப் பார்த்ததும் நேரே வந்தாள்.

“என்னா அத்தை, வெறும் இலைய வெச்சுக்கிட்டு?”

“முடிஞ்சிருச்சாம்.”

கஸ்தூரி கடையை ஒரு சுற்றுப் பார்த்தாள். அத்தனை வாயும் மென்றுகொண்டிருந்தன. விறுவிறுவென்று கல்லாவுக்குப் போனாள். சபாபதி கையை விரிப்பதும், கஸ்தூரி விரலை நீட்டுவதும் தெரிந்தது. திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு பொட்டலம் இருந்தது.

“எனக்குன்னு கட்டச் சொன்னேன். இந்தாங்க.” ரப்பரை உருவி, பொட்டலத்தை இலைமேல் பிரிக்கப் போனாள். “பிரச்சினை வேணாம். சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க.”

தனம் இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்தாள்.

“எடுத்துக்கம்மா.”

“பசிக்கலியா உங்களுக்கு?”

“உசுரு போகுது.”

“அப்புறம் என்னாத்துக்கு இந்தப் பிடிவாதம்?”

“உன் பேர்ல வாங்கி, நான் ஒளிஞ்சு திங்கிறதுக்கா தினம் வெயில்ல நடந்து வரேன்? என் இலை இது. இதுல அவங்க போடணும்.”

கஸ்தூரி பொட்டலத்தை மேசை ஓரத்தில் வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“போட மாட்டாங்க, அத்தை. மாமா காலைல வந்து சொல்லிட்டுப் போயிருக்காரு. ‘என் பொண்டாட்டி வந்தா சோறு இல்லன்னு அனுப்பு, வயிறு காஞ்சா தானா வீட்டுக்கு வருவா’ன்னு.”

தனத்துக்கு முதலில் எதுவும் கேட்காத மாதிரி இருந்தது. பிறகு மோட்டார் சைக்கிள் சத்தம் ஞாபகம் வந்தது. மீசையைத் தடவிய கை. போ, போ, போயிப் பாரு.

முப்பத்தாறு வருடம் அந்த மனிதர் பசி என்று சொல்லும் முன்னால் தட்டு வைத்தவள் அவள். ரயில் தடம் புரண்ட வாரம் முழுவதும் தூக்குச் சட்டியோடு தண்டவாளம் வரை நடந்தவள். அவளுடைய சோற்றை நிறுத்தத்தான் அவர் இன்று காலையில் மெனக்கெட்டுப் போயிருக்கிறார்.

அவள் எழுந்து நின்றாள். கத்த வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் குரல் கடை முழுக்கக் கேட்டது.

“முதலாளி! இது சோத்துக்கடையா, என் வீட்டுக்காரரோட அடுப்படியா?”

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன.

“அக்கா, மெதுவா...”

“மெதுவாத்தான் ஒரு மணி நேரமா உக்காந்திருந்தேன். சோறு இல்லன்னு பொய் சொன்னீங்க. சரி. உண்மைய அந்தப் பலகையில எழுதிப் போடுங்க. புருசன்கிட்ட சீட்டு வாங்கிட்டு வராத பொம்பளைக்கு இங்க சாப்பாடு கிடையாதுன்னு. எல்லாரும் படிக்கிற மாதிரி பெருசா எழுதுங்க. நானே எந்திரிச்சுப் போயிடுறேன்.”

யாரோ ஒரு பெண் பின்னால் சிரித்தாள். இன்னொருத்தி, “அது என்னா நியாயம்?” என்றாள். எதிரில் இருந்த சீனத்து அம்மாளுக்கு எவ்வளவு புரிந்ததோ, தன் இலையைத் தனத்தின் பக்கம் தள்ளிவிட்டு, “முதல்ல இவங்களுக்குக் குடு! நான் அப்புறம்!” என்று கலியபெருமாளை அதட்டினாள்.

கஸ்தூரி பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்தாள். மாமியாரின் தோளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

“பெருமாளண்ணே, இங்க இன்னொரு இலை. இவங்களுக்குப் போட்டப்புறம் எனக்குப் போடுங்க.”

“ஆபீஸ்ல கேப்பாங்களேம்மா” என்றாள் தனம்.

“கேக்கட்டும். என் பிள்ளைக்காகத்தானே நீங்க வாயக் கட்டுனீங்க. போன வாரம் அது எனக்கு மறந்துபோச்சு.”

*

சின்னையாவும் அவருடைய அக்கா ராமாயியும் உள்ளே நுழைந்தது அந்த நேரத்தில்தான்.

பசி தாங்காமல் மனைவி திரும்பி வருவாள், அக்காவை முன்னால் வைத்து அவளை நாலு கேள்வி கேட்கலாம் என்று வீட்டு வாசலிலேயே காத்திருந்தவர் சின்னையா. ஒன்றரை ஆகியும் ஆளைக் காணோம். பையை வீட்டில் போட்ட கையோடு அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“பாத்தியாக்கா? கூட்டத்துக்கு நடுவுல நின்னு கூத்தாடுறா.”

ராமாயிக்கு அறுபத்தெட்டு வயது. குள்ளம். குரல் மட்டும் ஆள் உயரம். “ஏம்மா தனம், என்னா இது? குடும்பத்துப் பொம்பள செய்யிற வேலையா? எந்திரி. எதா இருந்தாலும் வீட்டுக்கு வந்து பேசு.”

“சாப்பிட்டுட்டு வரேன், அக்கா.”

“வீட்ல சமைச்சு மூடி வெச்சிருக்கியே, அதத் திங்கிறதுக்கு என்னா?”

“அது கோழி. நான் திங்க மாட்டேன்.”

“உனக்கு ஒரு சாம்பார் வெச்சுக்க. கையா இல்ல?”

“வெச்சேன், அக்கா. உங்க தம்பி மீன் கறிக் கரண்டிய அதுல விட்டுக் கலக்குனாரு. தெரியாம இல்ல. என் கண்ணப் பாத்துக்கிட்டே கலக்குனாரு. சிரிச்சாரு.”

ராமாயி தம்பியின் பக்கம் திரும்பினாள். “கரண்டியா? என்னா கரண்டி? எங்கிட்ட நீ சொல்லலியே.”

“அது சும்மா வெளையாட்டுக்கா. ஒரு கரண்டிக்கு இம்புட்டு...”

“அன்னிக்கு என்னா கிழமை?”

சின்னையா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமை” என்றாள் தனம்.

நாற்பது வருடமாக வெள்ளி விரதம் இருக்கிறவள் ராமாயி. இன்றும் வெறும் வயிற்றோடுதான் பஸ் ஏறியிருந்தாள். தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். அவள் பேசாமல் நிற்பதை அந்தக் குடும்பத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

சபாபதி கல்லாவை விட்டு வந்தார். “சின்னையா, நீ எங்கிட்ட வேற மாதிரியில்ல சொன்ன? வீட்ல சண்டை, கோவிச்சுக்கிட்டு வரா, அனுப்பிவிடுன்னு. கரண்டிய நீ சொல்லவே இல்லியே.”

“நான் எத சொன்னாலும் சொல்லாட்டியும், நம்ம பேச்சுன்னு ஒன்னு இருக்குல்ல, சபா?”

சபாபதி கலியபெருமாளின் கையிலிருந்து சோற்றுக் கரண்டியைத் தானே வாங்கி, தூணோரத்து மேசைக்கு வந்தார்.

“மன்னிச்சிருங்கக்கா. பாவம், எவ்வளவு நேரமா...”

“பாவம் பாத்துப் போடாதீங்க, முதலாளி. நான் சாப்பிட வந்திருக்கேன். போடுங்க.”

சோறு விழுந்தது. சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், பூசணிக் கூட்டு, வாழைப்பூ வடை. கடைசியாக ஒரு அப்பளம்.

சின்னையா இரண்டு எட்டு முன்னால் வந்தார். முகம் கறுத்திருந்தது.

“தனம். அந்த இலையில கைய வெச்சேன்னா, வீட்டுக்கு வராத.”

கஸ்தூரி மாமியாரின் முழங்கையைப் பிடித்தாள்.

தனம் அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. ஒரு ஆளின் உயரத்தை அளக்கிற மாதிரி பார்த்தாள். பிறகு அப்பளத்தை எடுத்து உடைத்தாள். அந்தச் சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும். சோற்றைப் பிசைந்து முதல் வாய் வைத்தாள்.

“உப்பு கொஞ்சம் கம்மி” என்றாள் சபாபதியிடம். “ஆனா நல்லா இருக்கு.”

சின்னையா விருட்டென்று திரும்பினார். “வாக்கா, போவோம்.”

ராமாயி அசையவில்லை. தனத்துக்குச் சோறு விழுந்த பிறகே தன் இலையை இழுத்து, அவசரமாக நாலு வாய் சாப்பிட்டு எழுந்த சீனத்து அம்மாள், நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டி அவளுக்குக் காட்டினாள்.

“நீ போடா” என்றாள் ராமாயி உட்கார்ந்துகொண்டே. “எனக்குப் பசிக்குது.”

*

கஸ்தூரி பேங்குக்குத் திரும்பினாள். நாத்தனாரும் தனமும் வீட்டுத் தெருவுக்கு வரும்போது மூன்று மணி. வழியெல்லாம் ராமாயி பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான்: “ரசம் நல்லா வெச்சிருந்தான்.”

கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது. தனத்திடம் இருந்த சாவி அதில் நுழையவில்லை.

சின்னையா உள்ளே, கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

“டேய், தெற!” ராமாயி கம்பியைப் பிடித்து உலுக்கினாள். “என் பை உள்ள இருக்கு. மாத்திரை அதுலதான் இருக்கு.”

அவர் எழுந்து போய்ப் பையை எடுத்து வந்தார். கேட்டுக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்தார்.

“நீ வேணும்னா வாக்கா. அவ வரணும்னா, இனிமே கடைப்படி மிதிக்க மாட்டேன்னு இங்க நின்னு சொல்லணும். சொன்னா தெறக்குறேன்.”

பக்கத்து வீட்டு ஜன்னலில் திரை விலகியது. தனம் அதைப் பார்த்தாள், முகத்தை மறைக்கவில்லை. கம்பிக்கு அருகில் போனாள். இந்த வீட்டுக்கு அவள் வந்த வருடம் இந்தக் கேட் கிடையாது. வெறும் செம்பருத்தி வேலிதான்.

“ஏங்க” என்றாள். “நாளைக்கு நான் சமைக்கல. கோழி மிச்சம் இருந்தா ராத்திரிக்குச் சூடு பண்ணிக்குங்க. அடுப்புல அந்த மூலை என்னோடது, அதத் தொடாதீங்க.”

அவர் நாற்காலிக்குத் திரும்பிப் போய்ப் பத்திரிகையை மறுபடி விரித்தார்.

“நாளைக்கு ஒரு மணிக்கு நான் கடையில இருப்பேன். ரெண்டு நாற்காலி பிடிச்சு வெக்கிறேன். பசிச்சா வாங்க. ரெண்டு பேரும் ஒன்னா உக்காந்து சாப்பிடலாம். கெஞ்சிக் கூப்பிடல. கூப்பிடுறேன். அவ்வளவுதான்.”

“வரலன்னா?”

“அந்த நாற்காலியில வேற யாராச்சும் உக்காருவாங்க. அந்தக் கடையில எடத்துக்குப் பஞ்சம்.”

ராமாயி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “கஸ்தூரி வீடு எந்தப் பக்கம்?” என்றாள்.

இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நடந்தார்கள். முச்சந்தியை நெருங்கும்போது பின்னால் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. திறக்கிறாரா, இழுத்துப் பார்த்து இன்னொரு சுற்றுப் பூட்டுகிறாரா?

ராமாயி நின்றாள். “திரும்பிப் பாக்கலியா நீ?”

“நீங்க பாருங்க, அக்கா” என்றாள் தனம். “பாத்துட்டு எங்கிட்ட சொல்லாதீங்க.”